இரண்டாம் வகுப்பு, மூன்றாம் முறை

இந்த வருடம் பெஞ்சில் என் பக்கத்தில்
தம்பி ஜாவு உட்கார்ந்திருக்கிறான்.
அவனுக்கு எட்டு. எனக்குப் பதினொன்று.
வீட்டில் ஒரே பாய், இங்கே ஒரே பெஞ்சு.
என் முட்டி மேசையின் அடிப்பலகையில் இடிக்கிறது.

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில்
ஒரு சிவப்புப் புள்ளி.
சுவாசாரா, புள்ளி.
பச்சை வெனிலாக் காய்களில்
திருடர்களுக்குப் பயந்து அப்பா ஊசியால் குத்துவாரே,
மூன்று குத்து, ஒரு கோடு, அதுதான் எங்கள் வீடு.
வெந்து, வெயிலில் காய்ந்து, கறுத்துச் சுருங்கினாலும்
குத்து மறையாது.

முதல் பாடங்கள் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
மீன்காரியின் கூடையில் எத்தனை மிச்சம்,
தோணி எத்தனை மணிக்குத் துறை சேரும்,
ரவெலோ சார் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவேன்.
புதிதாய் வந்த பிள்ளைகள்
என்னைக் கெட்டிக்காரி என்று நினைக்கிறார்கள்,
நவம்பர் வரை.

நவம்பரில் வெனிலா பூக்கும்.
விடியலில் விரியும், உச்சி வெயிலுக்குள் வாடும்.
எங்கள் தீவில் அந்தப் பூவுக்கான தேனீ இல்லை,
நாங்கள்தான் தேனீ.
எலுமிச்சை முள்ளால் உள்நாக்கைத் தூக்கி
கட்டைவிரலால் ஓர் அழுத்தம்.
அவ்வளவுதான். பிறகு மாதக்கணக்கில் காவல்.
"விட்ட பூவுக்கு மறுவருடம் கிடையாது,
வகுப்பு எங்கே போய்விடப் போகிறது?"
என்றார் அப்பா.
சரிதான். அது எங்கேயும் போகவில்லை.
நானும்தான்.

கடன் வாங்கிக் கழித்தல் நடத்துவதும் நவம்பரில்.
இரண்டு வருடமும் அன்றைக்கு நான் கொடிக்கு அடியில்.
கடன் எனக்குத் தெரியாததா?
அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு,
இன்னும் மொட்டே விடாத பூவின் பேரில்கூட
தரகரிடம் அப்பா வாங்கியிருக்கிறார்.
பரீட்சைத் தாளில் வருவது வேறு கடன்.
பக்கத்து வீட்டு எண்ணிடம் வாங்குவதாம்.

ரீயூனியனிலிருந்து அத்தை பேசினாள், ஸ்பீக்கரில் போட்டோம்.
அவள் மகன் பள்ளியில் யாரையும் நிறுத்துவதில்லையாம், ஆல் பாஸ்.
லோயிக் ஐந்தாம் வகுப்பாம்.
"வாசிக்கத்தான் வரவில்லை" என்றாள், குரலை இறக்கி,
"லாரியில் ஏற்றிய மாடு மாதிரி
எங்கே போகிறோம் என்று தெரியாமல் நிற்கிறான்."
அம்மா என்னைப் பார்த்தாள்.
போனில் காசு தீர்ந்துவிட்டது.

ஒரு திங்கள் இரவு, இருட்டில், ஜாவு சொன்னான்:
நாளைக்குத்தான் அந்தக் கணக்கு.
விடிந்ததும்
முள்ளை வேலியில் குத்திவைத்துவிட்டு
அவனோடு நடந்தேன்.

ஒன்றில் எட்டு போகாது, என்றார் ரவெலோ சார்.
பக்கத்தில் நிற்கும் மூன்றைக் கேள்.
மூன்று கொடுத்தது. கொடுத்துவிட்டு
இரண்டாகி நின்றது, தலையில் ஒரு கோடு.
கை தூக்கினேன்.
"வாங்கினதை எப்போது சார் திருப்பிக் கொடுப்பது?"
வகுப்பே சிரித்தது. ஜாவு சிரிக்கவில்லை.
சார் சாக்பீஸைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை."
அப்படி ஒரு கடன் உலகத்தில் இருப்பது
எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மத்தியானம் அப்பா கொடிவரிசையில் குந்தியிருந்தார்.
திட்டவில்லை.
வாடியதையெல்லாம் வாழையிலையில் போட்டிருந்தார்,
நனைந்த காகிதம்போல் ஒட்டிக்கிடந்தன.
நாற்பத்திரண்டு விரிந்ததாம்,
அவர் ஒரு ஆளாக ஓடியும் பதினேழு போய்விட்டதாம்.
இரண்டில் ஏழு போகாது.
நான்கிடம் கேட்டேன், கொடுத்தது.
"பிழைத்தது இருபத்தைந்து" என்றேன்,
விரலைத் தொடாமல்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார்.
எழுந்தார்.
நம்பாமல், கொடி கொடியாக, பூப்பூவாகத் தொட்டு
எண்ணத் தொடங்கினார்.
பன்னிரண்டிலோ பதின்மூன்றிலோ தவறவிட்டு
நின்றார்.
மறுபடி முதலிலிருந்து.