பதிமூன்று சுற்று

நாலே கால். கிச்சிப்பாளையம் இன்னும் எழவில்லை.
சைக்கிள் பாரில் கட்டிய இரும்புச் சாவி
குழிக்குக் குழி மணியடித்தபடி வருகிறது.
அதன் தலையில் குறுக்குக் கம்பி.
தோளில் சாய்த்து நடந்தால், என்னைத் தெரிந்தவர்கள்
சிலுவை மாதிரி இருக்கே என்பார்கள்.
எட்டரைக் கிலோ. வால்வைத் திறக்கும்.
அவ்வளவுதான்.

வீட்டில் முழங்கால்போட நேரமில்லை.
எனக்கும் சேர்த்து எப்சிபாள் ஜெபித்துக்கொள்வாள்,
நோட்டில் எழுதிவைத்து:
பிள்ளைகள், என் சர்க்கரை, அவள் அண்ணனின் குடி, வீட்டுப் பட்டா.
என்னுடையது தெருவில்.
மூடியைத் தூக்கி, கரப்பான்கள் கலையும்வரை நின்று,
சாவியை இறக்கிச் சுற்ற ஆரம்பித்தால்
சுற்றுக்கு ஒரு வீடு.
கர்த்தாவே, முட்டைக்கடைக்காரர் பையனுக்கு ஜுரம் விடவில்லை.
தறிக்காரர் மருமகள் நேற்றும் அழுதாள்.
பஷீர் பாயின் லாரி நாக்பூரில் நிற்கிறதாம்.

அவர்களுக்கு இது தெரியாது.
தெரிந்தால் சிலர் கோபித்துக்கொள்ளவும் கூடும்.
பூமிக்கடியில் குழாய் முதலில் இருமும்,
அப்புறம் காற்று, அப்புறம் செம்மண், அப்புறம்தான்.
எந்தக் குடத்தில் விழுந்ததென்று
ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.
அடுத்த வால்வுக்கு ஆறு நிமிஷம்.

சாயப்பட்டறைச் சந்துக்குப் பதிமூன்று சுற்று.
ஏழாவது வீடு பாக்கியநாதனுடையது.
கெத்சியாளை நர்சிங் சேர்க்க வைத்திருந்த தொண்ணூறாயிரத்தை
சீட்டில் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிப்போனவர்.
ஞாயிற்றுக்கிழமை எனக்கு இரண்டு பெஞ்சு முன்னால்.
பாட்டில் அவர் குரல்தான் உயரம்.

ஆறு சுற்றுவரை ஜெபம் வரும். ஏழில் நிற்கும்.
பரமண்டல ஜெபமும் அப்படித்தான்:
அப்பம்வரை சரி,
கடன் வருகிற இடத்தில் வெறும் உதட்டை அசைக்கிறேன்.

கொஞ்ச நாளாய் ஒன்று செய்துவந்தேன், எப்சிபாளுக்கும் தெரியாது.
அந்தச் சந்துக்கு ஒன்பதோடு நிறுத்திவிடுவேன்.
ஒன்பதில் தண்ணீர் வரும், ஏறாது.
ஏழாவது வீட்டிலிருந்து சந்து மேடு.
மேட்டில் அவர் மட்டுமா இருக்கிறார்?
அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை.
நாலு நாளைக்கொரு திறப்பு, ஐந்து திறப்பு.

இன்றைக்கு ஒன்பது முடித்து மூடியைத் தள்ளும்போது
மேட்டின் கடைசியில் ஒரு சத்தம்.
யாரோ டியூபை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள்.
விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி.
ஆணா பெண்ணா, இருட்டில் தெரியவில்லை.
குழாய்க் குழிக்குள் குனிந்த முதுகு.
சிமெண்டில் இரண்டு முழங்கால்.

ஊக்கமான ஜெபம் என்று பாஸ்டர் சொல்வாரே.
அதைக் கேட்கிற இடத்தில்
நான் நின்றுகொண்டிருந்தேன்.

சாவியை மறுபடி இறக்கினேன்.
பத்து.
பதினொன்று. துரு கரகரத்தது.
பாக்கியநாதனுக்கென்று ஒன்றும் சொல்லவில்லை,
சொல்ல வரவில்லை.
மன்னித்துவிட்டாயா என்றால், இல்லை,
தொண்ணூறாயிரம் தொண்ணூறாயிரம்தான்.
பன்னிரண்டு.
பதிமூன்று பாதியில் இறுகும்.
உடம்பு மொத்தத்தையும் சாய்த்தால்தான் அசையும்.
சாய்த்தேன்.

உறிஞ்சல் நின்றது.
யாரோ அவசரமாய்க் குடம் மாற்றுகிற சத்தம்.

சேர்வராயன் பக்கம் இருட்டு விடவில்லை.
மலைப்பாதையில் ஒற்றை விளக்கு
ஒரு கொண்டையூசி வளைவில் மறைந்து
கொஞ்சம் மேலே வந்து, மறுபடி மறைந்தது.
பால் வண்டியாய் இருக்கும்.

ஆமென் சொல்லாதது நினைவுக்கு வருமுன்
போன் அடித்தது.
ஏங்க, எங்க தெருவுக்கு இன்னும் வரலையே?
வந்துட்டிருக்கேம்மா என்றேன்.