ஆற்றுப் புறம்போக்கு

முக்கூடலுக்குக் கீழே ஆறு திரும்புமிடம்,
புல எண் முந்நூற்றுப் பதினெட்டு, உட்பிரிவு இரண்டு.
தாலுகா வரைபடத்தில் அது வெறும் ஓரம்,
யாரோ தேநீர்க் குவளை வைத்தெடுத்த வட்டத்தில்
பாதி அழிந்திருந்தது.
ஆணை இது: மரங்களை எண்ணு, எல்லைக்கல் நடு,
ஏலத்துக்கு ஆனதைத் தனியே எழுது.

நாடா பிடிக்க உய்க்காட்டான் வந்தார், வெறுங்காலோடு.
"சகதி செருப்பத் தின்னுரும் மேடம்."
முதல் கல் எங்கே என்றேன்.
ஆற்றைக் காட்டவில்லை, அண்ணாந்து காட்டினார்.

மருதமரத்தில், இருபதடி உயரத்தில்,
ஒரு சேலை.
ஊதா. சரிகை வெளுத்துவிட்டது.
மார்கழி வெள்ளம் யார் வீட்டுக் கொடியிலிருந்தோ உருவிவந்து
கொம்பில் முடிச்சுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது.
"ஆறு அதுமட்டும் வரும்லா. அதான் கல்லு."

என் படிவத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு,
கிரயம் போனால் என்ன பெறும் என்பதுகூட உண்டு.
உயரத்துக்குக் கட்டம் இல்லை.

எண்ணினோம்.
மருதம் நாற்பத்தொன்று.
நீர்க்கடம்பு ஒன்பது, இலுப்பை ஆறு.
புங்கம் இரண்டு முறை எண்ணி இரண்டு விடை.
நாவலடியில் கணக்குத் தவறியது;
மேலே வௌவால்கள் ஒன்றோடொன்று இடத்துக்குச் சண்டையிட,
எச்சம் என் அடங்கல் தாளில் விழுந்து
ஓர் எண்ணை மூடிவிட்டது.

சுண்ணாம்பு பூசிய கற்களுக்கு அப்பால்
மாடத்தியின் ஆடுகள் நின்றுவிட்டன.
தையிலிருந்து ஆவணி வரை இறங்கக் கூடாதாம்,
வண்டலில் கன்று முளைக்கிற காலம்.
யார் வைத்த சட்டம்?
"மூணு தெருவும் சண்டை போட்டு வச்சது."
விழுந்த மரம் ஊருக்கு, நின்ற மரம் ஆத்துக்கு.
பூ பறந்த பிறகே நாணல் அறுப்பு.
இலுப்பைக்கொட்டை மூன்று கடகம் எடுத்தால்
நாலாவது கடகம் தரையில் கிடக்க வேண்டும்.
அபராதம் இருநூறு. அவளே ஒருமுறை கட்டியிருக்கிறாள்.
அந்த வெள்ளாட்டைப் பேர்சொல்லித் திட்டினாள்.

வளைவுக்கு அந்தப் பக்கம் கரையே இல்லை.
ரொட்டியைக் கடித்தது போல் ஒரு பள்ளம்.
தளவாயின் செங்கல் சூளை அங்கேதான் இருந்தது.
வெள்ளத்துக்கு முந்தின வருடம்
சூளைக்கு ஏழு மருதம் வெட்டினார்.
ஏழு வேர் விட்ட வழியாக ஆறு ஏறி
சூளையை எடுத்தது, வாழையில் பதினொரு வரிசை எடுத்தது,
மோட்டார் அறையின் கதவை மட்டும் விட்டுவைத்தது.

இந்தப் பக்கமும் வெள்ளம் வந்ததுதான்.
மரங்களுக்குள் நுழைந்து வேகம் இழந்தது,
இரண்டு நாள் நின்றது,
தூக்கிவந்த மண்ணை இறக்கிவைத்துவிட்டுப்
பின்வாசல் வழியாகப் போனது.

தளவாய் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.
"மரம் நின்னாலும் போயிருக்கும்."
ஆனால் சனிக்கிழமைதோறும் கடப்பாரையோடு வந்து
அந்தப் பள்ளத்தில் சீமைக்கருவேலம் தோண்டுகிறார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

புறம்போக்கு என்பது எங்கள் பக்கத்தில் வசைச்சொல்.
அன்று பேருந்தில் அதைப் பிரித்துப் பார்த்தேன்:
புறத்தே போகும் போக்கு.
வாய்க்காலுக்கும் வரைபடத்துக்கும் புறத்தே
வருடத்தில் சில நாள்
ஆறு கைகால் நீட்டுகிற இடம்.

குறிப்பு என்ற பத்தியில் எழுதினேன்:
ஏலத்துக்கு ஆன மரம் இல்லை.
எல்லைக்கல் நடவில்லை, எல்லை மரத்தில் தொங்குகிறது.

கோப்பு பத்தாம் நாள் திரும்பியது.
சிவப்பு மையில்: விளக்கம் தேவை.

மறுபடி போனேன், இம்முறை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.
உய்க்காட்டான் ஏற்கெனவே அண்ணாந்து நின்றார்.
சேலையில் ஒரு முழம் குறைந்திருந்தது.
இரண்டு கொம்பு தள்ளி, ஏதோ ஒரு கூட்டில்
ஊதா நூல்.