சேமிக்காத கடிதம்

பதினொரு நிமிடம் நல்லாய் ஓடும்.
பிறகு ஒரு 'டிக்'.
திரை கறுக்கும்.
யாரோ வாசலில் கூப்பிட்டதுபோல்
தன்பாட்டில் திரும்ப எழும்பும்.

விசுவமடுச் சந்தியிலிருந்து உள்ளே, றெட்பானாப் பக்கம் என் வீடு.
பெட்டியின் நெற்றியில் இன்னும்
மூடிவிட்டுப் போன தொண்டு நிறுவனமொன்றின் ஸ்ரிக்கர்.
ஏலத்தில் எடுத்தது. ஒன்பதாயிரம் ரூபா,
மவுஸ் இல்லாமல்.

முதலில் கறண்டைச் சந்தேகித்தேன்.
இங்கே எல்லாரும் முதலில் கறண்டைத்தான் சந்தேகிப்பது.
பக்கத்து வளவில் யோகநாயகம் மோட்டர் போட்டால்
என் குழல்விளக்கு ஒருதரம் கண் சிமிட்டும்.
நிப்பாட்டச் சொன்னேன்.
மிளகாய்க்கன்று வாட வாட நிப்பாட்டினார்.
பெட்டி அப்போதும் விழுந்தது.
வேலிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ராமை உருவி அதன் பொன்னிறப் பற்களை
அழிறப்பரால் தேய்த்தேன்.
வைரஸ் என்றான் தொலைபேசியில் கபிலன்,
வவுனியாவில் கடை வைத்திருப்பவன்,
காய்ச்சலென்றாலும் வைரஸ் என்பவன்.

இதற்கிடையில் நாகரத்தினம் வந்து கதிரையில் இருந்தார்.
காணிக் கடிதம், பிரதேச செயலாளருக்கு.
வியாழக்கிழமை நடமாடும் சேவை.

முதல்தரம், கடிதம் எப்படிப் பேசுமோ அப்படியே சொன்னார்:
மேற்படி காணியில் நான் எண்பத்து மூன்றாம் ஆண்டு முதல்
நிரந்தரமாக வசித்து வருவதுடன்
டிக்.

இரண்டாம்தரம் 'நிரந்தரமாக' வரவில்லை.
பதினேழு தென்னை வந்தது.
கிணற்றுக்குக் கல் கட்டிய மேசனின் பேர் வந்தது,
அவனுக்கு இன்னும் கொடுக்கக் கிடக்கிற
எழுநூறு ரூபாவும் வந்தது.
நான் அடித்துக்கொண்டே போனேன்.
டிக்.

மூன்றாம்தரம் அவர் திரையைப் பார்க்கவில்லை.
இரண்டாயிரத்து ஒன்பது, தை மாசம்,
அனுமதிப்பத்திரத்தைப் பொலித்தீனில் சுற்றிக்
கிணற்றடியில் தாட்டதாகவும்
திரும்பி வந்து கிண்டியபோது
பொலித்தீன் இருந்ததாகவும்
உள்ளே கறையான் இருந்ததாகவும்
மனுசிக்கு இன்றுவரை
அது கச்சேரியில் கிடக்குது என்றுதான்
சொல்லி வைத்திருப்பதாகவும்.
என் விரல்கள் எப்போதோ நின்றிருந்தன.
அந்தமுறை டிக் கேட்டபோது
அழிவதற்குத் திரையில் ஒன்றும் இருக்கவில்லை.

நாளைக்கு வாறன் என்று போனார்.

இரவு பின்பக்கம் கழற்றினேன். நாலு திருகாணி,
ஒன்று தேய்ந்தது, கத்தியால்.
பவர் சப்ளையின் காற்றாடிக்கும் கம்பி வலைக்கும் நடுவே
கட்டைவிரல் பருமனில் மண்.
மாசி முழுக்க மன்னாரில் அக்காவோடு நின்றேன்,
அந்த நேரம் குளவி வீடு பார்த்திருக்கிறது.
இதழ் சுழல இடமில்லை. மூச்சு முட்டி, சூடேறி,
உயிர் தப்பவே பெட்டி ஒவ்வொருதரமும்
விழுந்திருக்கிறது.

குளவி கூடு கட்டினால்
வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள்.
எனக்கு நாற்பத்தொன்று.
பெட்டியின் வயது ஸ்ரிக்கரில் இல்லை.

சுரண்டினேன். உள்ளே அறை அறையாகச் சிலந்திகள்,
செத்ததுமில்லை, உயிருமில்லை,
ஒரு புழுவுக்காக அடுக்கி வைத்தவை.
கடதாசியில் ஏந்தி யன்னலுக்கு வெளியே வைத்தேன்.
காற்றாடிக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு சொட்டு.

அடுத்த நாள் பதினொரு நிமிடம் போனது.
இருபது போனது. நாகரத்தினம் என்னைப் பார்த்தார்.
'இனி விழாதோ?'
'விழாது.'
'அப்ப முதல் சொன்னதையே போடுங்கோ பிள்ளை.'

மேற்படி காணியில். எண்பத்து மூன்றாம் ஆண்டு முதல்.
நிரந்தரமாக.
பழக்கதோசம், ஒவ்வொரு வரிக்கும் சேமித்தேன்.
தென்னையையாவது சேர்ப்பமோ என்றேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு
கையெழுத்து வைக்கிற இடத்தைக் கேட்டார்.

அவர் போனபிறகு யன்னல் விளிம்பில் குளவி,
வாயில் ஈரமண் உருண்டையோடு.
பெட்டியை நிறுத்தவில்லை.
ஒரு வேலையுமில்லாமல்
காற்றாடி சுழன்றுகொண்டிருந்தது.