நிலுவை

ஒன்பதாம் மாடி சவரிமுத்து
நேற்றிரவு என்னிடம் நட்பு கேட்டிருக்கிறார்.
முகம் இருக்க வேண்டிய வட்டத்தில்
நெற்றி புடைத்த ஒரு மீன்.
ஆனாலும் அவர்தான்.
பொது நண்பர் ஒருவர்: மளிகைக் கடை பக்ருதீன்.

போன மாதம்தான்
என் மூங்கில் கழியிலிருந்து சொட்டிய நீர்
தன் மெத்தை விரிப்பை நனைத்ததென்று
நகர மன்றத்துக்கு எழுதினார்,
மூன்று புகைப்படங்கள் இணைத்து.
மூன்றிலும் என் உள்பாவாடை
பாய்மரம்போல் உப்பியிருந்தது.

இப்போது என்ன வேண்டுமாம்?

‘உறுதிசெய்’ என்றால்
பினாங்கில் கடல் பார்த்து நான் சிரித்தது,
ஆய்வக மேலாளரைப் பற்றி
பாதி ராத்திரியில் புலம்பியது,
எல்லாம் அவர் கூடத்தில் போய் உட்காரும்.
‘நீக்கு’ என்றால் சத்தமே வராது,
அவருக்குச் செய்தியும் போகாது.
ஆனால் என்றாவது
என் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பொத்தான்
மறுபடி புதுசாக நிற்பதைப் பார்ப்பார்.
பார்த்த மறுநாளும்
காலை ஆறு ஐம்பதுக்கு
அதே மின்தூக்கி.

கறுப்புக் கண்ணாடி போட்ட
வெளிநாட்டு ராணுவ டாக்டர்களை
யோசிக்காமல் தள்ளிவிடுவேன்.
காப்புறுதி விற்கும் பள்ளித்தோழனை
கொஞ்சம் யோசித்துத் தள்ளினேன்.
அவர்கள் யாரும்
பத்திலிருந்து இறங்கும் என்னோடு
ஒன்பதில் ஏறிக்கொள்வதில்லை.

தொடாமல் விட்டேன்.
கடன்காரனை வாசலில் நிறுத்திவிட்டு
உள்ளே விளக்கை அணைத்துக்கொள்வதுபோல.

ஒன்பது நாள்
அவர் எண்களைப் பார்த்தார்,
நான் அவர் செருப்பைப் பார்த்தேன்.
ஆறாம் மாடியில் ஏறும் சீனத்து அம்மா
எங்கள் இருவருக்கும் சேர்த்து
ஒரே புன்னகை தந்தார்.

பத்தாம் நாள், புவாங்கோக் தாண்டிய ரயிலில்,
அவரை ஒளித்துவைக்க வழி தேடி
இதுவரை போகாத ஒரு பக்கத்துக்குப் போனேன்.
‘நீங்கள் அனுப்பிய கோரிக்கைகள்.’
ஒரே ஒரு பெயர்.
ஷம்சியா.
ஏழு வருடமாக அங்கேயே.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் மூன்றாண்டு
என்னோடு ஒரே தட்டில் மீ கோரெங் தின்றவள்.
யாருக்கும் சொல்லாமல் தெம்பனிசில்
அவள் அறை எடுத்துத் தங்கியிருந்தபோது
அவள் அம்மா தொலைபேசியில் அழுதார்.
நான் புளோக் எண்ணைச் சொன்னேன்.
மூன்று இலக்கம்.
அன்று மாலையே அண்ணன்கள் போனார்கள்.

அவள் நீக்கியிருந்தால்
இந்தப் பக்கம் காலியாக இருந்திருக்கும்.
அவளும் எங்கோ விளக்கை அணைத்துவிட்டு
என் செருப்புச் சத்தம் போகட்டும் என்று
உட்கார்ந்திருக்கிறாள்.

செங்காங்கில் கதவு திறந்து மூடியது.
பொங்கோலில்தான் இறங்கினேன்.
மேடையில் நின்று
என் கோரிக்கையைத் திரும்ப வாங்கினேன்.
‘உறுதியாகவா?’ என்றது கைப்பேசி.
அவ்வளவு நல்ல கேள்வியை
அந்த எண்ணைச் சொல்லுமுன்
யாரும் என்னைக் கேட்கவில்லை.

கையோடு கையாக சவரிமுத்துவையும் நீக்கினேன்.

மறுநாள் ஒன்பதில் கதவு திறந்ததும்
சொல்லிவிட்டேன்:
“உங்க கோரிக்கைய எடுத்துட்டேன் சார்.
அதுல வீட்டு ஆளுங்க மட்டும்தான்.”
எட்டு. ஏழு.
ஆறில் சீனத்து அம்மா ஏறினார், புன்னகைத்தார்.
“கை தவறிப் பட்டிருக்கும்” என்றார் அவர்,
காது சிவக்க.

கீழ்த்தளத்தில்
பிளாஸ்டிக் பையைக் கை மாற்றிக்கொண்டு நின்றார்.
“அந்த மீன் போன வாரம் செத்துப்போச்சு.
படத்த மாத்தத் தெரியல.”

எனக்கும் தெரியாது என்று
பொய் சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடினேன்.

அன்றிரவு
துவைத்த துணியை
இரண்டு முறை பிழிந்தேன்.