முட்டையாக வந்தது

ரூதா நகரில், மூன்றாம் மாடியில்,
எங்கள் சமையலறை மேசையில்
பகடை போட்ட இடத்தில் நிற்காது.
வடக்கே உருளும்.
அடியிலிருந்த நிலக்கரியை எடுத்துவிட்டார்கள்,
வீடு அந்தப் பக்கம் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.
கஸ்பெர் டிராம் சீட்டை நான்காக மடித்து
மேசைக்காலுக்குக் கொடுத்தான்.
அதற்குப் பிறகு விதி கொஞ்சம் நியாயமானது.

கட்டத்தாளில் முதல் அடுக்கு வரைந்தேன்:
சாராயக்கடையின் நிலவறை, உருளைக்கிழங்கு மூட்டை, எலி.
மேலே நடப்பவரின் காலடி இன்னும் கேட்கும் ஆழம்.
இரண்டில் துறவிகளின் எலும்பு.
மூன்றையும் நான்கையும் காளான்காடாக்கினேன்,
அதற்கு நீல வெளிச்சம்
(வீட்டில் மிச்சமிருந்தது நீலப் பென்சில்).
ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, அவசரத்தில் கிறுக்கியவை.
ஒன்பதில் பனிக்குளிர்,
குளிரின் நடுவே டிராகன்.

சனிக்கிழமை. அலோய்ஸ் வரைபடத்தைத்
தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார்.
இருபத்திரண்டு வருடம்
எழுநூறு மீட்டருக்குக் கீழே வேலை பார்த்தவர்,
விளையாட்டில் குள்ள மந்திரவாதி.
"தண்ணீரை யார் இறைக்கிறார்கள்?"
யாரும் இல்லை என்றேன்.
"அப்படியானால் இது சுரங்கமில்லை, கிணறு.
காற்று எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகிறது?
ஒன்பதில் குளிரா?
கீழே போகப்போகச் சூடம்மா,
நாங்கள் உள்ளாடையோடு நின்று வெட்டினோம்."
மந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன், என்றாள் மிரெலா.
மந்திரவாதியும் மூச்சு விடணும், என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க
மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்து அழித்தேன்.
ரசீதுகளில் ரப்பர்த் தூள்.
இரண்டாம் அடுக்கில் சத்தத்தைப் பறித்தேன்,
நான்கில் நாளையும் கிழமையையும்.
ஆறில் எவ்வளவு நீளக் கயிறும்
தன் கனத்தாலேயே அறுந்துபோகும் என்று விதி எழுதினேன்.
ஏழில் ஒரு குடியை வைத்தேன்,
இறைசக்கரம் சுற்றுகிறவர்கள்.
மேலிருந்த அரசன் செத்து நூறு வருடமாகிறது,
சம்பளம் வருவதில்லை.
சுற்றுவதை நிறுத்தினால் முதலில் மூழ்குவது
அவர்களின் தொட்டில்கள்தாம்.
எட்டில் வெறும் காற்றுக்குழாய்கள்,
தவழ்ந்துதான் போகணும்.
ஒன்பதில் வெயிலே படாத வெக்கை.

வந்தார்கள். தவழ்ந்தார்கள்.
கஸ்பெரின் வீராங்கனை கவசத்தைக் கழற்றி எட்டிலேயே வைத்துவிட்டாள்.
டிராகன் கண் திறந்தது.
மிரெலா பகடையை உள்ளங்கையில் குலுக்கிக்கொண்டிருக்கும்போது
அலோய்ஸ் கையைத் தூக்கினார்.
"குழாயின் அகலம் ஒரு மீட்டர்.
இவ்வளவு பெரியது எப்படி உள்ளே வந்தது?"

என்னிடம் பதில் இல்லை.
குளிர்பதனப்பெட்டி ஒரு சுற்று முனகி ஓய்ந்தது.
"முட்டையாக," என்றேன்.

கஸ்பெர் பென்சிலைக் கீழே வைத்தான்.
மிரெலா பகடையைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.
அது என்ன தின்றது, யார் அதோடு பேசினார்கள்,
வானம் என்று ஒன்று உண்டென்று அதற்குத் தெரியுமா,
எல்லாவற்றையும் கேட்டார்கள்.
நான் எழுதாத அடுக்கு அது.

மூன்று சனிக்கிழமையாக வெட்டுகிறோம்.
வாளெல்லாம் கடப்பாரை ஆகிவிட்டது.
சக்கரக்காரர்கள் பாதிப்பேர்
கூலி பேசிக்கொண்டு உதவிக்கு வந்தார்கள்;
கூலி டிராகனின் தங்கம், அது மறுக்கவில்லை.
போன வாரம் கஸ்பெர் ஒரு தூணைத் தகர்க்கப் போனான்.
சீக்கிரம் முடியுமே என்றான்.
அலோய்ஸ் மேசையில் ஓங்கித் தட்டினார்.
"தூணைத் தொடாதே.
மேலே யாராவது சமைத்துக்கொண்டிருப்பார்கள்."

யாரும் எதுவும் பேசவில்லை.
அடுப்புக்குப் பின்சுவரில் விரிசலின் குறுக்கே
ஆய்வாளர் ஒட்டிப்போன கண்ணாடிப் பட்டை
உடையாமல்தான் இருந்தது, பார்த்துக்கொண்டோம்.

சுற்றிவளைத்துப் போகிறோம் இப்போது.
டிராகனின் தலை நான்காம் அடுக்கை எட்டி
நீலக் காளானை மோந்து பார்க்கிறது.
வால் இன்னும் ஐந்தில்.