பதினெட்டுச் சதுர மீட்டர்

முதலில் அறையை அளந்துகொண்டு வாருங்கள் என்றார்
கடைக்காரர் தாஷ்னியம்.
தையல் நாடாவால் அளந்தேன்,
தரையில் முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து.
பதினெட்டுச் சதுர மீட்டர்.
அதற்குள் ஒரு கட்டில், ஒரு தொட்டில்,
ஐந்து மாதத்து நோமுனின் இருமல்.

உலான்பாத்தரில் ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஜன்னல் இடுக்குகளை அக்டோபரிலேயே
காகிதமும் பசையும் வைத்து அடைத்தாயிற்று.
ஆனாலும் புகைக்கு எங்கள் வீடு மனப்பாடம்.

கடையில் வரிசையாய் நின்றன பெட்டிகள்,
பல் மருத்துவரைப் பார்க்க வந்தவர்கள் போல
வாய் திறக்காமல்.
ஒன்று நீல ஒளி வீசியது.
இன்னொன்றில் பைன் காட்டு மணம் வருமாம்.
ஓசோன் விடும் என்று மூன்றாவதைத்
தட்டிக் காட்டினான் கடைப் பையன்.
"அது வேண்டாம்," தாஷ்னியம் குரலைத் தணித்தார்.
"காற்றில் இருப்பதை எடுக்கத்தான் இது.
கூட ஒன்றைச் சேர்க்க அல்ல."
பிறகு நான் கேட்காததையும் சொன்னார்:
பெட்டிக்கு ஒருமுறை கொடுப்பீர்கள்,
வடிகட்டிக்கு வருஷா வருஷம்.
கூட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கூட்டிப் பார்த்தேன்.
இந்த வருஷமும் பழைய பூட்ஸ்தான்.

சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி,
திரைச்சீலை அதன் வாயைப் பொத்தாதபடி வைத்தேன்.
கதவைச் சாத்தினேன்.
இருநூற்றுப் பதினான்கு என்றது.
தொண்ணூறு.
நாற்பத்தாறு.
கலக்கிவிட்ட ஓடை தெளிவதைப் பார்ப்பதுபோல்
எண்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டு.
நோமுன் வாய் மூடித் தூங்கினாள்.

சனிக்கிழமை அண்ணன் வந்தான், எர்தெம்பிலெக்.
வடக்கு மேட்டில், கெர் கூடாரங்களின் நெரிசலில் அவன் வீடு.
பை நிறைய ஆட்டுக்கறிக் கொழுக்கட்டை,
வழியிலேயே உறைந்து
கூழாங்கல் போல் கடகடத்தது.
மேலங்கியைக் கழற்றக்கூடப் பொறுக்காமல்
தொட்டிலின் மேல் குனிந்தான்.

பெட்டி அலறியது.

பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகி,
பன்னிரண்டு நூற்றறுபதாகி,
விமானம் கிளம்புவது போல் ஓர் இரைச்சல்.
அண்ணன் நிமிர்ந்து தன் கைகளைப் பார்த்தான்,
தெரியாமல் எதையாவது தொட்டுவிட்டோமா என்று.
"என்ன ஆச்சு இதுக்கு?"

என்ன சொல்ல?
உன் அங்கி என்றா, உன் தலைமுடி என்றா,
விடியக்காலை நான்கு மணிக்கு எழுந்து
மூன்று பிள்ளைகள் விறைத்துப்போகாமலிருக்க
நீ அடுப்பில் இடும் கரிக்கட்டி என்றா?
இருபது வருஷம் அந்த அடுப்பின் பக்கத்தில்
படுத்தவள்தானே நானும்.
"புதுசு இல்லையா, அப்படித்தான் கத்தும்" என்று
பொத்தானை அழுத்தி அணைத்தேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது.
அங்கியைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு
வெறும் சட்டையோடு திரும்பி வந்தான்.
உப்புப் போட்ட பால்தேநீர் குடித்தோம்.
விலை கேட்டான். சொன்னேன்.
எத்தனை மூட்டைக் கரி என்று
உதடு அசைய வகுக்கத் தொடங்கி
பாதியில் நிறுத்திக்கொண்டான்.

புறப்படும்போது அவன் கால் பெட்டியில் இடித்தது.
ஒருவர் காலை ஒருவர் மிதித்துவிட்டால்
உடனே கை குலுக்க வேண்டும் எங்களுக்கு,
இல்லாவிட்டால் பகை மூளும்.
அண்ணன் குனிந்தான்.
கை இல்லாத அதன் விளிம்பைப் பிடித்து
மரியாதையாய் ஒருமுறை குலுக்கினான்.
நோமுன் சிரித்தாள். இருமவில்லை.

அவன் போன பிறகும்
கொஞ்ச நேரம் அதைப் போடாமலே இருந்தேன்.

மார்ச்சில் வடிகட்டியைக் கழற்றினேன்.
மடிப்பு மடிப்பாய்க் கன்னங்கரேலென்று
ஒரு முழுக் குளிர்காலம்.
முகக்கவசம் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.
கீழே இறக்கி ஒருதரம் முகர்ந்தேன்.
அண்ணன்.

செய்தித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி
நூல் கட்டித்தான் குப்பைக்கு எடுத்துப்போனேன்.