ஒதுக்கப்படாத இடம்

மழைக்குப் பயந்து பொலித்தீன் பையில் சுற்றி
அதன்மேல் ஒரு துவாயும் சுற்றி
ஸ்ரான்லி வீதிக் கடைக்குக் கொண்டுவந்தா யோகமலரக்கா.
கச்சேரியடியில் மனு அடிக்கிறவ.
"போமற் அடிக்கவேணும் தம்பி.
ஆரோ குடுத்த பென்ட்ரைவால வந்த வைரஸ்,
திறக்கிறதெல்லாம் குறுக்குவழி எண்டு காட்டுது.
குறுக்குவழி தெரிஞ்சா நான் ஏன் மனு அடிக்கிறன்?"

பதினொரு வருசம் அதற்குள் கிடந்தது.
காணி, ஓய்வூதியம், எல்லை மதில்,
பிறப்புப் பதிவில் தகப்பன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
ரயில் அடித்த மாட்டுக்கு இழப்பீடு.
எதையெதை எடுத்துவைக்க என்று கேட்டேன்.
"பதில் வந்ததெல்லாம் போகட்டும்.
வராததை மட்டும் எடுங்கோ."

ஒரேயொரு கோப்புறை.
நாற்பத்தொரு மெகாபைட்.
பக்கத்து ஸ்ரூடியோவின் கலியாண வீடியோவில்
மாப்பிள்ளை காரால் இறங்கவே இதைவிடக் கூடத் தேவை.

நிறுவல் தொடங்கியது.
வன்தட்டின் பகுதிகளை ஒவ்வொன்றாய் அழிக்க
ஒவ்வொரு தடவையும் இயந்திரம் கேட்டது:
இதில் உள்ள அனைத்தும் இல்லாமற் போகும், நிச்சயமா?
என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து
"கேட்டுப்போட்டுச் செய்யிறது நல்ல பழக்கம்" என்றா.

கடைசியில் திரையில் ஒற்றை வரி:
ஒதுக்கப்படாத இடம், நானூற்று அறுபத்தைந்து ஜிபி.
அக்காவுக்குச் சிரிப்பு வந்தது.
"இந்தச் சொல்லை எத்தினை தரம் அடிச்சிருப்பன்.
ஒருக்காலும் இப்பிடி வெறுமையாக் கிடக்காது.
போய்ப் பார்த்தா ஆரோ குடியிருப்பினம்."

அறுபத்துமூன்று வீதத்தில் கரண்ட் போனது.
மடிக்கணினியின் பற்றரி செத்து இரண்டு வருசம்.
மேசைக்குக் கீழே யூபிஎஸ் கத்தத் தொடங்க
நாங்கள் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.
வெளியே ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாய் இருமி எழுந்தன.
அறுபத்துநாலு.
அறுபத்துநாலு.
அறுபத்தைந்து.

பிறகு நேரவலயம்.
பட்டியலில் ஸ்ரீ ஜயவர்தனபுர என்றுதான் இருக்கும்,
அதைத்தான் தெரியவேணும், எங்கள் மணிக்கூடும் அதுதான்.
அக்கா பார்த்தா. கைக்கடிகாரத்தைச் சரிபார்த்தா.

இந்தக் கணினியை யார் பாவிக்கப் போகிறார்?
பெட்டிக்குள் பெயரை அவவே அடித்தா,
பாமினியில் அடித்துப் பழகிய அதே வேகத்தில்.
புது இயந்திரத்தில் பாமினி ஏது?
ஆங்கில எழுத்துகள் சிதறி விழுந்தன,
கடைசியில் ஓர் அரைப்புள்ளி.
அந்தக் குறி பெயரில் வரக்கூடாதாம், மறுத்துவிட்டது.
அதுதான் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி.
நான் திருத்தக் கை நீட்டினேன்.
"விடுங்கோ" என்று புள்ளியை மட்டும் அழித்தா.
யோகமலர.
இயந்திரம் ஏற்றுக்கொண்டது.

எடுத்துவைத்த கோப்புறையைத் திறந்தேன்.
அதுவும் அதே குப்பை, பக்கம் பக்கமாய்.
பழைய பென்ட்ரைவ் ஒன்றில் எழுத்துருவைத் தேடிக்கொண்டிருக்க
பின்னால் குரல் கேட்டது:
"மதிப்பிற்குரிய ஐயா,
மேற்படி விடயம் தொடர்பாக
ஏற்கெனவே அனுப்பிய நான்கு கடிதங்களுக்கும்..."
கண் திரையில்,
விரல்கள் கண்ணாடி மேசையில் தட்டிக்கொண்டிருந்தன.
விரல் சொல்லச் சொல்ல வாய் வாசித்தது.
ஓரிடத்தில் விரல் நின்றது.
அது ஆருடைய மனு என்று நான் கேட்கவில்லை.

எழுத்துருவைப் போட்டதும்
கடிதங்கள் தமிழாகி நிமிர்ந்தன.
வரவேற்புத் திரையில் பெயர் மட்டும் அப்படியே,
குப்பையாய், புள்ளியில்லாமல்.
"இருக்கட்டும்" என்றா துவாயை உதறிக்கொண்டு.

இரண்டாயிரம் ரூபா. குறைக்கச் சொல்லிக் கேட்கவில்லை.
ரசீதுதான் கேட்டா, திகதி போட்டு.
எழுதிக் கொடுத்தேன்.
"அடியில ஒரு கையெழுத்தும் வையுங்கோ தம்பி,
பிறகு ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது."